மூன்றாவதாக ஒரு பெயர்

அத்தியாயம் 11

காசி மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், தருமன் இன்று காலை ஆறு மணிக்குச் செங்கம் சாலை டீக்கடை வாசலில் நின்று, தன் கைவண்ணத்தைத் தானே அண்ணாந்து பார்த்து ரசித்துக்கொண்டிருக்க மாட்டார்.

நடந்தது இதுதான். நான்கு வருடம் கழித்து மகள் நந்தினி நார்வேயிலிருந்து ஊருக்கு வந்து பதினோரு நாளாகிறது. கூடவே வயலின் வாசிக்கும் இங்கிரிட், செல்லோ வாசிக்கும் ஓலே. செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். நந்தினி பியானோ. மூன்று பேரும் சேர்ந்தால் ‘வார்டே ட்ரியோ’. வார்டே என்றால் அவர்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மலையுச்சியில் ஏற்றிய அடையாளத் தீயாம். “நம்ம ஊர்லேர்ந்து எடுத்துகினு போயிட்டாங்களா?” என்று அப்பாவியாகக் கேட்டாள் தருமனின் மனைவி சந்திரகலா.

பதினான்கு வருடமாக ஐரோப்பா முழுக்க வாசித்தவர்கள், முதல் தடவையாக நந்தினியின் ஊரில் வாசிக்கப்போகிறார்கள். இன்று மாலை ஆறு மணி. ரமணாசிரமம் பக்கத்து மண்டபம். பியானோ சென்னையிலிருந்து லாரியில் வந்து இறங்கிவிட்டது.

அழைப்பிதழ் ஓஸ்லோவிலேயே தயாராகி வந்தது. வெள்ளைத் தாள், சாம்பல் எழுத்து, மூன்று பெயர். கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு வந்த காசி, சந்திரகலாவின் தம்பி, அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“இன்னா மாமா, நம்ம பொண்ணு பேரை மூணாவதா போட்டிருக்கறாங்க?”

காசி சாதாரண ஆளில்லை. உறவுக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில், தாய்மாமன் வரிசையில் தன் பெயர் இரண்டாவதாக வந்ததற்காகப் போட்ட இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தவன்.

தருமனும் சாதாரண ஆளில்லை. ‘நந்தினி டிஜிட்டல்ஸ்’ உரிமையாளர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று முப்பது வருடமாக இந்த ஊரின் பெயர்களை அடுக்கியவர். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யார் தலை எத்தனை அங்குலம் என்ற சட்டமெல்லாம் தலைகீழாகத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு, மகளின் பெயர் பதினான்கு வருடமாக மூன்றாம் இடத்தில் இருப்பதை ஒரு மல்லாட்டை விவசாயி வந்து சொல்லவேண்டியிருந்தது.

பீரோவைத் திறந்து நான்கு சிடிகளையும் எடுத்துப் பார்த்தார். நான்கிலும் இங்கிரிட், ஓலே, நந்தினி. ரத்தம் சூடேறியது. கடைக்குப் போய் டிசைனர் வல்லரசுவிடம் ஒரே வரி சொன்னார்.

“போடுறா, இருபதுக்குப் பத்து.”

அந்த இருபதுக்குப் பத்து அடி பேனர்தான் இப்போது சாலைக்கு மேலே நின்றது.

பின்னணியில் மலை. மலை மேல் தீபம். தீபத்துக்குச் சமமான உயரத்தில் நந்தினி. பட்டுப்புடவையில் அவளுக்கு இருந்த ஒரே போட்டோ, சித்தி மகள் கல்யாணத்தில் பன்னீர்ச் சொம்போடு நின்றது. வல்லரசு சொம்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் பியானோவை வைத்திருந்தான். பியானோ சொம்பு அளவுக்குத்தான் இருந்தது. தலைக்கு மேல் ‘பியானோ பேரரசி’. அதற்குக் கீழே, சிவப்பில் மஞ்சள் விளிம்பு கட்டி, ‘நார்வே புகழ் நந்தினி தருமன் குழுவினர்’.

அடியில், வழக்கமாக வட்டச் செயலாளர்கள் நிற்கும் வரிசையில், சின்னதாக இரண்டு உருவங்கள் கைகூப்பிக்கொண்டிருந்தன. நார்வேக்காரர்கள் கைகூப்பிய படம் எங்கே கிடைக்கும்? கடை கம்ப்யூட்டரில் தயாராக இருந்த உடம்புகளில் தோதாக இரண்டை எடுத்து, தலையை மட்டும் மாற்றியிருந்தான். ஓலே வெள்ளைச் சட்டை, கரை வேட்டியில் நின்றான். இங்கிரிட், யாரோ ஒரு கவுன்சிலர் அம்மாவின் சுங்குடிப் புடவையில். வலது மூலையில் ‘இவண்: தருமன்’, செல்போனைக் காதில் வைத்தபடி.

“எப்படிண்ணா?” என்றான் வல்லரசு.

“இங்கிரிட் மேடத்துக்குக் கழுத்து ஜாஸ்தி நீளமா இருக்குதேடா.”

“தலை ஒரு ஊரு, உடம்பு ஒரு ஊருண்ணா. கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும்.”

அப்போது எதிர்ப்பக்கம் இங்கிரிட்டே வந்துகொண்டிருந்தாள். தினமும் விடியற்காலையில் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு இந்த வழியாகத்தான் அறைக்குப் போவாள். பேனருக்குக் கீழே நின்றாள். போனை எடுத்து மேலே தூக்கிப் பிடித்தாள்.

“பாத்தியா, போட்டோ எடுக்குது!” தருமன் டீ கிளாசோடு கையை ஆட்டினார்.

போன் ரொம்ப நேரம் மேலேயே இருந்தது. பிறகு இறங்கியது. இங்கிரிட் அதன் திரையைப் படித்தாள். சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற தருமனைப் பார்த்தாள். பதினோரு நாளாக எதிரில் வந்த பசுமாட்டுக்குக்கூட வணக்கம் சொன்ன பெண், அவருக்குச் சொல்லாமல் நடந்தாள்.

*

நந்தினி அப்பாவை எப்போதும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால்தான் மரியாதை வரும்.

எட்டரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தவள், “யாரைக் கேட்டு வச்சீங்க?” என்றாள்.

டீ வாங்கி வருகிறேன் என்று வல்லரசு வெளியே போனான். அவன் கையில் டீ இருந்தது.

“யாரைக் கேக்கணும்? என் கடை, என் மிஷினு, என் பொண்ணு.”

“இங்கிரிட் படிச்சிட்டா.”

“அவளுக்கு ஏது தமிழ்?”

“போன் படிக்குது. ‘நந்தினி தருமனும் அவருடைய ஆட்களும்’னு மொழிபெயர்த்துக் குடுத்திருக்கு.”

“குழுவினர்னா கெட்ட வார்த்தையா? கச்சேரின்னா குழுவினர்தான். நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, பேண்டு செட்டு, எல்லாத்துக்கும் அப்படித்தான் போடுவோம்.”

“நாங்க பேண்டு செட்டு இல்ல.”

தருமன் மேசை டிராயரைத் திறந்து நான்கு சிடிகளையும் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார்.

“இதைப் பாரு. இதைப் பாரு. இதையும் பாரு. பதினாலு வருஷமா உன்னைக் கடைசில நிக்க வச்சிருக்காங்க. அவங்க பேரு ரெண்டும் முன்னாடி, நம்ம பேரு பின்னாடி. கேக்கறதுக்கு நாதியில்லன்னு நெனச்சாங்களா?”

குரல் பக்கத்துச் செருப்புக்கடை வரைக்கும் போனது. முப்பது வருடமாக ஊரான் வீட்டுப் பெயர்ச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவருக்கு, சொந்தமாக ஒன்று இப்போதுதான் கிடைத்திருந்தது. லேசில் விட மனமில்லை.

“வயலின், செல்லோ, பியானோ. பொதுவா அந்த வரிசையிலதான் போடுவாங்க. அது வாத்தியத்தோட வரிசை. மனுஷங்களோட வரிசை இல்ல.”

“இருக்கறதுலயே பியானோதான் பெருசு. லாரில வருது. வயலின் தோள்ல தொங்கிகினு வருது. பெருசு கடைசியா?”

“அதனாலதான்!” நந்தினி மேசையைத் தட்டிய தட்டில் ஒரு சிடி கீழே விழுந்தது. “இருநூறு வருஷத்துக்கு முன்னாடி பியானோதான் எஜமான். ‘பியானோவுக்கு எழுதியது, வயலினும் செல்லோவும் பக்கவாத்தியம்’னு அட்டையிலயே அச்சடிப்பாங்க. அந்த ரெண்டும் சமமா வந்து உக்கார எத்தனை பேரு உக்காந்து எழுதினாங்க தெரியுமா? நீங்க ஒரே நாள்ல, இருபதுக்குப் பத்துல, திருப்பிக் கொண்டுபோய் பழைய எடத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்க.”

தருமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நந்தினி ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. ‘நீங்க’ இறங்கவில்லை.

“போன வருஷம் ஓஸ்லோல ஒரு பெரிய ரெக்கார்டிங் கம்பெனி எனக்கு மெயில் போட்டாங்க. அஞ்சு சிடி, உலகம் பூரா கச்சேரின்னு. ஒரே கண்டிஷன். ட்ரியோ பேரை மாத்தணும். ‘நந்தினி தருமன் ட்ரியோ’. அட்டையில என் மூஞ்சி மட்டும், புடவையில. இந்தியாக்காரி புடவை கட்டிகிட்டு பியானோ வாசிக்கறான்னா நல்லா விக்குமாம்.”

“யார்ரா அவன்?” தருமன் எழுந்தே விட்டார். “என் பொண்ணு வாசிக்கறது விக்காதா? புடவைதான் விக்குமா? அவன் நம்பரைக் குடு.”

“பேனரைப் பாருங்க” என்றாள் நந்தினி.

தருமன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். புடவையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மெல்ல உட்கார்ந்தார்.

“நான் முடியாதுன்னு எழுதிட்டேன். ஆனா இவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லல. மனசு கஷ்டப்படுவாங்கன்னு மறைச்சிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு வேற யாரோ சொல்லி இங்கிரிட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. ‘வேணாம்னு சொன்னவ எதுக்கு மறைக்கணும்?’னு ஒரே கேள்விதான் கேட்டா. அன்னையிலேர்ந்து மேடையில வாசிக்கறதோட சரி. அதைச் சரி பண்ணத்தான் இந்த ஊருக்கே கூட்டிட்டு வந்தேன். காலைல அவ மலை சுத்திட்டு வரா, நிமிந்து பாக்கறா, எங்க அப்பா கடையில அடிச்ச பேனர். அவ இன்னா நெனப்பா?”

“நான்தான் அடிச்சேன்னு சொல்லிடு.”

“சொன்னேன். நம்பல. ஆறு வருஷம் முன்னாடி என் கை வீங்கிப்போய் எட்டு மாசம் ஒரு கட்டையக்கூட அழுத்த முடியல. உங்களுக்குத் தெரியாது.”

“எந்தக் கை?”

“வலது கை.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அம்மா பஸ் ஏறி வந்துடுவாங்க.” சிரிப்பு வரப்பார்த்தது, அடக்கிக்கொண்டாள். “வேற பியானோக்காரரை வச்சு வாசிங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. இங்கிரிட் மாட்டேன்னுட்டா. நாப்பது கச்சேரிய விட்டாங்க. ஓலே காரை வித்தான். இங்கிரிட் ஒரு ஸ்கூல்ல வாண்டுங்களுக்கு வயலின் பிடிக்கச் சொல்லிக் குடுத்தா. அவங்களா என் ஆட்கள்?”

அவள் மடிமீது இருந்த வலது கையைத் தருமன் பார்த்தார். சாதாரணக் கை மாதிரிதான் இருந்தது.

“வாக்கு குடுத்துட்டதால இங்கிரிட் இன்னைக்கு வாசிப்பாளாம். நாளைக்கு ஃப்ளைட் ஏறினா அதோட முடிஞ்சுதாம். பதினாலு வருஷம். முடிஞ்சுது.”

கீழே விழுந்த சிடியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

*

ஆறுதல் தேடி வீட்டுக்குப் போனது அன்றைய இரண்டாவது தவறு.

சந்திரகலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பேனர் படத்தைப் போனில் வாங்கி, பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“நான் எங்க?”

“எதுல?”

“இதுலதான். மலை இருக்குது. தீபம் இருக்குது. பொண்ணு இருக்கறா. கீழ நீங்க போனைக் காதுல வச்சிகினு இருக்கறீங்க. யாருகிட்டப் பேசறீங்க?”

“அது போஸு.”

“எட்டு வருஷம்.” சந்திரகலா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது. “ஞாயித்துக்கெழமை தவறாம விடிகாலை நாலு மணி பஸ்ஸு. மெட்ராஸ்ல அந்த டீச்சர் வீட்டு மாடிப்படியில உக்காந்து, உள்ள ‘டொய்ங் டொய்ங்’னு கேக்கற வரைக்கும் காத்துகினு இருந்தது யாரு? திரும்பி வரும்போது அவ என் மடியில தூங்கினா, கால் மரத்துப் போவும். நீங்க எங்க இருந்தீங்க? கடையில. எவன் வீட்டுத் தாய்மாமன் பேரையோ மேல ஏத்திகினு.”

“கலா…”

“பொண்ணு பேரு மூணாவதா வந்துதுன்னு உங்களுக்கு ரத்தம் கொதிக்குது. என் பேரு முப்பதாவதா கூட இல்ல. என்னுது என்ன, தண்ணியா?”

வாடிக்கையாளர் யார் வந்தாலும் தருமன் முதலில் கேட்பது, “அம்மா பேரு விட்டுட்டீங்களே, போடவா?” என்பதுதான். முப்பது வருடமாகக் கேட்கிறார். நேற்று மட்டும் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

“சாப்பாடு போடறியா?” என்றார் சின்னக் குரலில்.

“அதான் போனைக் காதுல வச்சிருக்கீங்களே. ஓட்டலுக்குச் சொல்லுங்க.”

*

உச்சி வெயிலில் தருமன் பேனரை அவிழ்க்கச் சாரத்தில் ஏறினார். ஐம்பத்தெட்டு வயது, தொப்பை, பசி. கீழே வல்லரசு ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோக்காரர்கள் கச்சேரி நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். ஒரு பெரியவர், செத்தது யாரென்று கேட்டார்.

காசி பைக்கில் வந்து இறங்கினான்.

“இன்னா மாமா, அவுக்கறீங்க? பர்மிஷன் பிராப்ளமா? நான் பேசட்டா?”

“நீ பேசனதுதான்டா பிராப்ளம்!” மேலிருந்து கத்தினார் தருமன். “அது வாத்தியத்தோட வரிசையாம்.”

“அப்ப வாத்தியத்துக்கு பத்திரிகை குடுக்கட்டும். மனுஷனுக்கு எதுக்குக் குடுக்கறாங்க? நான் உட மாட்டேன் மாமா. சபையில எழுந்து கேப்பேன்.”

“கேளு. கேட்டுட்டு உங்க அக்கா எதிர்ல வந்து உக்காரு. அவ இன்னைக்குக் கரண்டியைக் கீழ வச்சிருக்கறா.”

காசி பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். அக்காவின் கரண்டி அவனுக்கும் தெரியும்.

பேனர் சரிந்து தருமன் தோளில் விழுந்தது. மகளின் முகம் ஆறடி அகலத்தில் அவரைப் போர்த்தியது. உள்ளே மூச்சுமுட்டியபோதுதான் கீழ்பென்னாத்தூர் அருணகிரியின் ஞாபகம் வந்தது.

அருணகிரிக்கு இரண்டு தம்பிகள். தங்கை கல்யாணத்துக்கு மூன்று பேருமே தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று கடைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். தருமன் மூன்று விதமாகப் பத்திரிகை அடித்தார். ஒவ்வொன்றிலும் ஒருவர் முதலில். அவரவர் தன் பங்குச் சொந்தத்துக்குத் தன் பத்திரிகையைக் கொடுத்தார்கள். பெயரால் சண்டை வரவில்லை. பந்தியில் வந்தது, அது அச்சகத்தின் பொறுப்பில்லை.

“வல்லரசு, மிஷினைப் போடு. ஆறுக்கு நாலு. மூணு.”

“பேரரசி வேணுமாண்ணா?”

“பேரரசியும் வேணாம், பேரனும் வேணாம். அவங்கவங்க தலைக்கு அவங்கவங்க உடம்பு.”

மூன்று முகங்களையும் தானே அளவுகோல் வைத்து அளந்தார். நந்தினியின் முகம் கால் அங்குலம் பெரிதாக வந்திருந்தது. கை கூசியது, குறைத்தார். கடைசி வரியில் ‘இவண்: தருமன்’ என்று தானாக வந்து நின்றதை அழித்துவிட்டு, ‘இவண்: சந்திரகலா’ என்று அடித்தார்.

மண்டபத்துக்கு வாசல் இரண்டுதான். ஓலே முதலாவதாக வரும் பேனரை ஒன்றில் கட்டினார், இங்கிரிட்டினுடையதை இன்னொன்றில். நந்தினியினுடையதை, பெற்றவன் என்ற உரிமையில், வண்டி நிறுத்தும் இடத்தில் கட்டினார்.

*

ஐந்து மணிக்கு ஓலே வந்தான். புது பேனரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வேட்டி கட்டிய தன் படம் எங்கே என்று கேட்டான். அதை ஊருக்கு எடுத்துப்போக வேண்டுமாம். வல்லரசு பழைய பேனரிலிருந்து அவனை மட்டும் வெட்டிக் கொடுத்தான்.

இங்கிரிட் வயலின் பெட்டியோடு தனியாக நடந்து வந்தாள். முதல் வாசலில் நின்றாள். இரண்டாவது வாசலுக்குப் போனாள். பிறகு ஸ்கூட்டர்களுக்கு நடுவே போய் மூன்றாவதையும் பார்த்துவிட்டு வந்தாள். தருமன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“இதில் எது சரி?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

தருமனின் ஆங்கிலம் பேனருக்கு மட்டும் பழகியது. இருந்தாலும் சொன்னார். “மூன்றும் தப்பு மேடம். மூன்றும் ஒரே அளவு தப்பு.”

இங்கிரிட்டின் உதட்டோரம் அசைந்தது. முழுதாக வரவில்லை.

“காலையில் பார்த்த பேனர் என் பெண்ணுக்குத் தெரியாது” என்றார் தருமன். “கேட்டால் வேண்டாம் என்று சொல்லுவாள். அதனால் கேட்கவில்லை.”

“தெரியும்” என்றாள் இங்கிரிட். “அவளும் அப்படித்தான். நாங்கள் வருத்தப்படுவோம் என்று நினைத்தாள். அதனால் சொல்லவில்லை. உங்கள் குடும்பத்தில் எல்லோரும் மற்றவர்களின் பதிலையும் நீங்களே சொல்லிக்கொள்வீர்களா?”

திட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து “ஆமாம் மேடம்” என்றார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், நந்தினி மேடைப்பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கவுனில் பை இல்லை. தன் போனை அப்பாவிடம் நீட்டினாள்.

“வச்சிக்குங்க.”

காலைக்குப் பிறகு அவள் சொன்ன ஒரே வார்த்தை. மரியாதை இன்னும் குறையவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பாதி, கடைக்காரர்கள் பாதி. காசி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்திரகலா முன்வரிசையில். வாசல் பேனரில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, “எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கைகாட்டவில்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது கேட்டது. வாசிப்பு தொடங்கிவிட்டது.

தருமன் இதுவரை மகளின் வாசிப்பைப் போனில்தான் கேட்டிருந்தார். போனில் பியானோதான் முன்னால் கேட்கும். இங்கே வேறு மாதிரி இருந்தது. வயலின் பேசும்போது, லாரியில் வந்த அந்த யானைப் பியானோ தன் சத்தத்தை மடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றது. செல்லோ வாயெடுத்தால் இரண்டும் ஒதுங்கின. பிறகு திடீரென்று யாரும் கேட்காமலே பியானோ முன்னால் வந்தது. மற்ற இரண்டும் வழிவிட்டன. யார் முதல் என்று விரல்விட்டு எண்ணப்போன தருமன் பாதியில் விட்டுவிட்டார்.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிரிட் வில்லை எடுக்கும்போதெல்லாம் ஓலேயைப் பார்த்தாள். ஒரு தடவைகூட நந்தினியைப் பார்க்கவில்லை.

சந்திரகலாவும் கவனித்திருந்தாள். “அந்தப் பொண்ணு நம்மவளைத் திரும்பியே பாக்கலங்க” என்றாள் மெதுவாக.

இடைவேளை. கைதட்டல் ஓயும் முன்னே தருமன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். மெயில். பூட்டிய திரையிலேயே, ஒரு வார்த்தைகூடப் புரியாத நார்வே பாஷை. ஆனால் தலைப்பு புரிந்தது: ‘நந்தினி தருமன் ட்ரியோ’. அதற்குக் கீழே ஒரு படம். அவருடைய பேனர். சொம்பு அளவுப் பியானோ, சுங்குடிப் புடவை, காதில் போன், எதையும் வெட்டாமல் அப்படியே. வல்லரசு காலையிலேயே கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றி, உலகத்துக்கே காட்டிவிட்டிருந்தான்.

தருமனுக்குக் காதுமடல் சுட்டது. புடவை விற்கும் அந்தக் கம்பெனிக்காரன், அவருடைய பேனரையே அவர் மகளுக்குப் பத்திரிகையாக வைக்கிறான்! நீயே மனம் மாறிவிட்டாயே என்றுதான் எழுதியிருப்பான்! அடிக்கிற நேரத்தில் ஆறு முறை வண்ணம் சரிபார்த்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அழித்துவிடலாமா? அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

இங்கிரிட் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. எழுந்தார்.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், மூன்று பேரும் மூன்று நாற்காலியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தருமன் போனோடு வாசலில் நின்றார். யார் கையில் கொடுப்பது? மகள் கையில் கொடுத்தால் ரகசியம். இங்கிரிட் கையில் கொடுத்தால் கோள். ஓலே கையில் கொடுத்தால் கோழைத்தனம். முப்பது வருடத் தொழில், மறுபடியும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

நடுவில் இருந்த மேசைமேல் வைத்தார். திரை மேலே பார்த்தபடி.

“இப்போதுதான் வந்தது” என்றார் எல்லோருக்கும் பொதுவாக. “என்னால் வந்தது.”

நந்தினி பார்த்தாள். “நான் இவங்களுக்கு எழுதவே இல்ல” என்று தமிழில் சொன்னாள், தமிழ் தெரியாத இரண்டு பேரிடம்.

நந்தினி எண்ணை அடித்துத் திறந்துவிட, இங்கிரிட் போனை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். பேனர் படம் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு நந்தினியிடம் ஏதோ கேட்டாள். நந்தினி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“இன்னாம்மா கேக்கறா?”

“நான் பதில் எழுதட்டுமானு கேக்கறா.”

இங்கிரிட் இரண்டு கட்டைவிரல்களால் தட்டினாள். ஒரே வரிதான் இருக்கும். ஓலேயிடம் காட்டினாள். அவன் புருவம் நெற்றி வரை போனது. நந்தினியிடம் நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

“பாக்கலியா?” என்றார் தருமன்.

“வாசிச்சு முடிச்சிட்டுப் பாத்துக்கறேன்.” நந்தினி எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். “நீ எடுத்துட்டு வந்து நடுவுல வச்சியே, அது சரி.”

‘நீ’ என்றாள். தருமன் கண்ணாடியைத் துடைக்கவேண்டி வந்தது.

மணி அடித்தது. இங்கிரிட் போனை அவர் கையில் திணித்துவிட்டு வயலினை எடுத்துக்கொண்டு போனாள். அனுப்பியாகிவிட்டது.

நாற்காலிக்குத் திரும்பியதும் சந்திரகலா குனிந்து பார்த்தாள். “இன்னா எழுதியிருக்குது?”

ஒரு வரி நார்வே பாஷை. வரிக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பெயர். அது மட்டும் படிக்க முடிந்தது. நந்தினி. ஓலே. இங்கிரிட்.

“அந்தப் பொண்ணு தன் பேரைக் கடைசில போட்டிருக்குது, கலா.”

“கடைசிலனா? நம்ம பத்திரிகையில கடைசில போடறவங்கதானே கூப்பிடறவங்க?”

“கடுதாசில கடைசில போடறவங்க வரேன்னு சொல்லிட்டுக் கெளம்பறவங்க.”

“இது எது?”

தருமன் அந்த வரியைத் திரும்பப் பார்க்கக் குனிந்தார். திரை அணைந்து, ரகசிய எண்ணைக் கேட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு பெயர் வரிசைக்கு அர்த்தம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மேடையில் மூன்று பேரும் தயாரானார்கள். இங்கிரிட் வயலினைத் தோளில் வைத்தாள். வில்லைத் தூக்கினாள். தூக்கிய வில்லோடு, அன்றைக்கு முதல் தடவையாக, பியானோ இருந்த பக்கம் திரும்பினாள்.

சந்திரகலா தருமனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது.